பத்துக்கட்டும் மழைமானியும்: ஒரு வகுப்பறை நாட்குறிப்பு

ஜூன் 16, திங்கள்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. ஒன்றும் இரண்டும் ஒரு அறை, மூன்று முதல் ஐந்து வரை இன்னொரு அறை, மொத்தம் 31 பிள்ளைகள். என்ன செய்தோம், எவ்வளவு பொருள் பிடித்தது, எங்கே சொதப்பியது, அவ்வளவுதான் இங்கே எழுதப்போவது.

இந்த வாரம் முழுக்க ஈர்க்குக் குச்சி. ஒரு தென்னை விளக்குமாற்றைப் பிரித்து, ஒவ்வொரு ஈர்க்கையும் அடிப்பக்கத்திலிருந்து 10 செ.மீ. அளவில் நறுக்கினால் நாலு துண்டு தேறும். நுனியை எறிந்துவிடலாம், கட்டும்போது ஒடியும். குழுவுக்கு 110 குச்சி, ஐந்து குழுவுக்கு 550. ஒரு விளக்குமாறு போதும்.

பத்துப் பத்தாகக் கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் வேண்டாம். இந்த ஊர் வெயிலுக்கு ஒரு மாதத்தில் இளகி, குச்சியில் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். கட்டு அவிழ்ந்தால் ஒன்பது, பதினொன்று என்று கலந்துபோகும், பிள்ளை 'பத்து' என்பதையே நம்பாது. பஞ்சர் கடையில் கேட்டால் பழைய சைக்கிள் ட்யூப் சும்மா கொடுப்பார்கள். அரை செ.மீ. அகலத்துக்கு வளையம் வளையமாக வெட்டி, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் இறுகிவிடும். ஒரு ட்யூபில் முந்நூறு வளையத்துக்குக் குறையாது.

எண்ணுவதற்குக் குன்றிமணி கொண்டுவந்த பிள்ளைகளிடம் வாங்கித் தனியே வைத்தாயிற்று. பார்க்க அழகு, ஆனால் விஷம். ஓடு உடைந்த மணியை ஒரு சின்னப் பிள்ளை மென்றால் ஆபத்து. புளியங்கொட்டையே நல்லது. கழுவி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து டப்பாவில் போடவேண்டும், இல்லாவிட்டால் வண்டு துளைத்துவிடும்.

ஜூலை 8, செவ்வாய்

கடன் வாங்கிக் கழித்தல். 42 − 17.

எழுதச் சொன்னால் பாதிப் பேர் 35 என்று எழுதுகிறார்கள். 2-இலிருந்து 7 போகாது என்றதும் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். குச்சி வைத்துச் செய்தால் இந்தத் தப்பு வராது: எதிரே கிடப்பது நாலு கட்டும் இரண்டு உதிரியும், ஏழு எடுக்க வேண்டுமானால் ஒரு கட்டை அவிழ்த்தே ஆகவேண்டும். அவிழ்த்ததும் உதிரி 12. ஏழு எடுத்தால் 5, மிச்சமுள்ள மூன்று கட்டில் ஒன்று எடுத்தால் 2. ஆக 25.

இதிலும் ஒரு கோளாறு வந்தது. இரண்டு குழுக்கள் 42 குச்சியையும் 17 குச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்ன செய்வதென்று முழித்தன. கூட்டலுக்கு அப்படி வைத்துத்தானே பழக்கினோம்! கழித்தலில் மேலே உள்ள எண்ணை மட்டும் குச்சியாக வைக்கவேண்டும், 17 அட்டையில் எழுத்தாக இருந்தால் போதும்.

குச்சியிலிருந்து நேரே நோட்டுக்குத் தாவாமல், நடுவில் ஒரு வாரம் படம் வரையவிட்டோம். கட்டுக்கு ஒரு நீளக் கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. அவிழ்த்த கட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி வைக்கவேண்டும். இந்த ஒரு வாரத்தை மிச்சப்படுத்தினால் செப்டம்பரில் மறுபடி 35 வரும்.

ஜூலை 24, வியாழன்

ஒன்று, இரண்டாம் வகுப்பு. ட, ப, ம என்று வடிவத்தில் எளிய எழுத்துகள் முடிந்து, படம், பட்டம் எல்லாம் வாசிக்கிறார்கள். இப்போது கொம்பு.

'கெ' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க், பிறகு எ. எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. காதை நம்பும் பிள்ளை 'க' எழுதிவிட்டுப் பின்னால் கொம்பு போடுகிறது. அது சோம்பலில் வரும் தப்பு இல்லை, கேட்ட வரிசையில் எழுதுகிறது. அதனால் மூன்று சன்னல் வைத்த அட்டை செய்தோம். நடுச் சன்னல் பெரிது, எழுத்துக்கு. இடது சன்னல் கொம்புக்கு, வலது சன்னல் காலுக்கு. முதலில் நடுவில் க-வைச் செருகிவிட்டு, அப்புறம் இடது சன்னலில் ஒற்றைக் கொம்பைச் செருகினால் கெ, இரட்டைக் கொம்பானால் கே. வலதில் காலும் சேர்ந்தால் கொ, கோ. செருகும் வரிசை காதின் வரிசை, நிற்கும் இடம் எழுத்தின் இடம். இரண்டும் மோதிக்கொள்வதில்லை.

'கௌ' மட்டும் சிக்கல்தான். பின்னால் நிற்கும் குறி ள போலவே இருப்பதால் 'கெள' என்று வாசிக்கிறார்கள். அதற்கு அந்தக் குறியைச் சிவப்பு அட்டையில் வெட்டி, ள-வைக் கறுப்பில் வைத்தோம். தனியாகச் செருகவிடாமல் கொம்போடு நூலால் இணைத்தும் விட்டாயிற்று.

பழத்தைப் 'பளம்' என்று எழுதுவது வேறு கதை. இந்தப் பக்கம் பேச்சிலேயே அப்படித்தான். கண்ணாடி முன்னால் நிற்கவைத்து, நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொட்டால் ள, தொடாமல் மடங்கி நின்றால் ழ என்று தினம் இரண்டு நிமிஷம். வீட்டில் பளம் என்றே பேசட்டும், எழுத்தில் பிரிந்தால் போதும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நிழலில்லா நாள். காரைக்குடி ஏறத்தாழ 10.07 பாகை வடக்கில் இருக்கிறது. சூரியன் இங்கே உச்சிக்கு நேரே வருவது ஆண்டுக்கு இரண்டே தடவை: ஏப்ரல் 16 ஒட்டியும், ஆகஸ்ட் 26, 27 ஒட்டியும். நாளை பிள்ளையார் சதுர்த்தி விடுமுறை, ஆகவே இன்றே.

தினமும் பகல் 12 மணிக்கு நிழல் காலடியில் விழும் என்று சொல்லிக்கொடுப்பது தப்பு. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, காரைக்குடியோ 78.8-ஐ ஒட்டி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிஷம் என்றால் 15 நிமிஷம் பிந்துகிறது. இந்த வாரத்தில் சூரியன் இன்னும் ஏறத்தாழ 2 நிமிஷம் பின்தங்கும். ஆக 12.17.

ஈரமண் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் 30 செ.மீ. குச்சி. 11.17-க்கு நிழல் 8 செ.மீ., 11.47-க்கு 4 செ.மீ. இரண்டாம் குழுவுக்கு 12.17 ஆகியும் 2 செ.மீ. நின்றது, குச்சி சாய்ந்திருந்தது. நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் ஒத்துப்பார்த்தபின் சரியாயிற்று.

மூன்றாம் குழு சத்துணவு டம்ளரைக் கவிழ்த்து வைத்தது. பன்னிரண்டுக்கு முன்பே நிழலைக் காணோம்! டம்ளரின் வாய் அகலம், அடி குறுகல். கவிழ்த்தால் சரிவான பக்கம் நிழலைத் தன் மேலேயே வாங்கிக்கொள்ளும், எந்த நாளிலும் ஏமாற்றும். அதற்குப் பதில் ஒரு சாண் நீள பி.வி.சி. குழாயை நேராக அறுத்து நிறுத்தினோம். 12.16-க்கு உள்ளே எட்டிப்பார்த்த ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை, "டீச்சர், சூரியன் குழாய்க்குள்ள விழுந்திருச்சு" என்றது. அடியில் முழு வட்டமாக வெளிச்சம். மேலே நிமிர்ந்து சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் நாலு தடவை சொல்லவேண்டியிருந்தது.

அக்டோபர் 8, புதன்

இரண்டாம் பருவம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மழைமானி தயாராக வேண்டும்.

பக்கம் நேராக உள்ள ஒரு லிட்டர் பாட்டில். வளையம் வளையமாகப் புடைத்த பாட்டில் ஆகாது. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மூடியைக் கழற்றிக் கவிழ்த்துச் செருகினால் புனல். அதன் வாயும் பாட்டிலின் உடலும் ஒரே அகலம் என்பதால் ஸ்கேலில் உள்ள மி.மீ. அப்படியே மழை மி.மீ. போன ஆண்டு ஒரு குழு வீட்டிலிருந்து பெரிய எண்ணெய்ப் புனலைக் கொண்டுவந்து வைத்தது. புனல் வாய் 12 செ.மீ., பாட்டில் 8 செ.மீ. விட்டம். அளவு இரண்டேகால் மடங்கு கூடிவிட்டது.

பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, நேர்ப்பகுதி தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே 0 குறிப்பது வழக்கம். வெயில் நாளில் அந்தத் தண்ணீர் வற்றி, அடுத்த மழை குறைவாகக் காட்டும். தினமும் காலையில் 0 வரை நிரப்ப யாராவது ஒருவர் பொறுப்பு. உருக்கிய மெழுகை ஆசிரியரே ஊற்றிச் சமமாக்கினால் இந்த வேலையே இல்லை, கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பாட்டில் சுருங்கிவிடும் என்பதுதான் கவனிக்கவேண்டியது. காகித ஸ்கேல் ஒட்டி மேலே செலோடேப். சுவரிலிருந்தும் வேப்பமரத்திலிருந்தும் அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி, ஒரு செம்பூரான் கல்லின் மேல். தரையில் வைத்தால் தெறிக்கும் சேறும் மழையாகிவிடும்.

வானிலைத் துறை அளப்பது காலை 8.30-க்கு. காலை உணவுக்கு வந்துவிடும் பிள்ளைகள் அந்த நேரத்திலேயே எடுக்கிறார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் 31 மி.மீ. ஐந்தாம் வகுப்புக்கு இதுதான் இன்றைய கணக்கு.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். பள்ளி மொட்டைமாடி 9 மீ. × 6 மீ. = 54 ச.மீ. 54 × 31 = 1674 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஒன்றை லிட்டர் மக்கால் அளந்து ஊற்றியதில் 15 பிடித்தது. 111 குடம் நிறைந்து இன்னும் 9 லிட்டர் மிஞ்சும். '1674 லிட்டர்' என்றபோது யாரும் அசையவில்லை, '111 குடம்' என்றதும் ஒரு பிள்ளை, வீட்டில் எத்தனை நாளைக்கு வரும் என்று விரல் மடக்கத் தொடங்கியது.

பிறகு ஊரணி. படியில் ஆசிரியர் மட்டும் இறங்குவது, பிள்ளைகள் கரையிலிருந்து காய்ந்த படிகளை எண்ணுவது என்று ஏற்பாடு. ஒரு படி 20 செ.மீ. அக்டோபர் மழையில் படி நகரவே இல்லை, காய்ந்த செம்மண் அத்தனையையும் குடித்துவிட்டது. இன்று 31 மி.மீ. மழைக்கு ஒரு படி மூழ்கியிருக்கிறது. மழை 3 செ.மீ.தானே, தண்ணீர் எப்படி 20 செ.மீ. ஏறும்? பாட்டில் பொய் சொல்கிறது என்று இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள். வரத்துக்கால் வழியே நடந்துபோய்ப் பார்த்தோம். தெருவும் பொட்டலும் ஊரணிக்கே சரிந்து கிடக்கின்றன, அவற்றின் மழையும் இங்கே வந்து சேர்கிறது. செட்டிநாட்டு வீட்டில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுவது மாதிரி என்று ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை சொன்னதைத்தான் கரும்பலகையில் எழுதினோம். பாடப் புத்தகத்து விளக்கத்தைவிட இது மேல்.

ஜனவரி 9, வெள்ளி

பொங்கலுக்கு முன் கோலம். ஊடுபுள்ளி (இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி) 7 வைத்து 1 வரை இறக்கினால் எத்தனை புள்ளி? எண்ணாமல் சொல்லவேண்டும். 1+2+3+4+5+6+7+6+5+4+3+2+1 = 49, அதாவது 7 × 7. ஊடுபுள்ளி 5 என்றால் 25. கோலத்தைச் சாய்த்துப் பார்த்தால் அது ஏழுக்கு ஏழு சதுரம்தான். புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வைக்கும் நேர்ப்புள்ளியில் இது வராது: 7, 5, 3, 1 என்று இரண்டிரண்டாகக் குறைவதால் 7 + 2 × (5+3+1) = 25.

பச்சரிசி மாவை இழுக்கச் சின்ன விரல்களுக்கு வராது. நாலு பங்கு கோலமாவுக்கு ஒரு பங்கு சலித்த ஆற்றுமணல் கலந்தால் சீராக விழும். நடுவீட்டுக் கோலத்துக்கு வேண்டிய அரைத்த மாவைப் பெரிய பிள்ளைகளிடம் மட்டும் கொடுத்தோம்.

பிப்ரவரி 5, வியாழன்

ஆத்தங்குடிக் கல், தரையில் பதிக்கும் பூக்கல். பட்டறையில் நடப்பது இது: சட்டத்துக்குள் கண்ணாடி, அதன்மேல் பூ அச்சு. அச்சின் அறை ஒவ்வொன்றிலும் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த சிமென்ட் மணல், அதற்கும் மேலே ஈரக் கலவை. பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறும். கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் பளபளக்கும் முகம்.

சிமென்ட் பிள்ளைகளின் கையைப் புண்ணாக்கும், வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் பைண்டிங்குக்கு வைக்கும் ஏ4 கண்ணாடித்தாள் ஒன்றில் 14 செ.மீ. சதுரம் இரண்டு வரும். போஸ்டர் கலர் இதில் முத்துமுத்தாகத் திரண்டு ஓடும். ஒரு மூடி வண்ணத்துக்குப் பாத்திரம் துலக்கும் சோப்பு நீர் இரண்டு சொட்டு விட்டால் ஒட்டிக்கொள்ளும். முதலில் கோடு, பத்து நிமிஷம் காயட்டும், பிறகு பூ, கடைசியில் தரை நிறம்.

வழக்கம்போலத் தாளில் வரைவதாக நினைத்து ஒரு குழு முதலில் தாள் முழுக்கச் சிவப்பு அடித்துவிட்டது. அதன்மேல் மஞ்சள் பூ, பச்சை இலை, அரைமணி நேர வேலை. திருப்பினால் வெறும் சிவப்பு. அந்தத் தாளைத்தான் கம்பிப் பந்தலில் முதலாவதாகத் தொங்கவிட்டோம், மற்ற எல்லாருக்கும் வரிசை புரிந்தது அதைப் பார்த்துத்தான். பெயர் எழுதியவர்களுக்கு எழுத்து இடம்வலம் மாறிற்று. மாறாமல் தப்பியவை ப-வும் ஃ-உம்.

ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு: 20 அடிக்கு 10 அடி பட்டாலைக்கு (வீட்டுக் கூடம்) 8 அங்குலக் கல் எத்தனை? 200 ÷ 8 = 25 என்றார்கள். 8 என்பது நீளம், 200 என்பது பரப்பு. 8 அங்குலத்துக்கு வெட்டிய காகிதக் கல் ஒன்பதைத் தரையில் மூன்றுக்கு மூன்றாகப் பரப்பி அளந்தால் 2 அடிக்கு 2 அடி, 4 சதுர அடி. ஆக 200 சதுர அடிக்கு 50 தடவை ஒன்பது, 450.

மார்ச் 10, செவ்வாய்

கொட்டான் (பனையோலைக் கூடை) பின்ன ஒரு ஆச்சி வந்தார். பிள்ளைகளுக்கு ஓலை இல்லை, 1.5 செ.மீ. காகிதப் பட்டை எட்டுக்கு எட்டு. ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் கட்டம், இரண்டு விட்டு இரண்டு எடுத்து ஒவ்வொரு வரியிலும் ஒரு பட்டை நகர்ந்தால் சாய்வரி. நகர மறந்த வரி உடனே கண்ணில் குத்தும், திருத்துவதற்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. காய்ந்த பனையோலை மடக்கும்போது ஒடியும், தண்ணீர் சொட்டச் சொட்டப் பின்னினாலோ காய்ந்தபின் சுருங்கி இடுக்கு விழும். ஈரத்துணியில் சுற்றிவைத்து எடுப்பதே பதம். "கை அவசரப்பட்டா ஓலைக்குத் தெரிஞ்சிரும் அப்பச்சி" என்றார் ஆச்சி.

ஏப்ரல் 7, செவ்வாய்

குச்சிகளை எண்ணி வாங்கியதில் 550-இல் 502 திரும்பியது. ட்யூப் வளையம் ஒன்றுகூட அறவில்லை. மழைமானிப் பாட்டில்கள் வெயிலில் மஞ்சளாகிவிட்டன, அடுத்த ஆண்டுக்குப் புதிதாக வெட்டவேண்டும். ஸ்கேல் தாளுக்குப் பென்சில்தான், ஸ்கெட்ச் பென் கரைந்து 20-க்கு மேல் எதுவும் தெரியவில்லை.

16-ஆம் தேதி வியாழக்கிழமை பகல் 12.15-க்கு நிழல் மறுபடி மறையும். பி.வி.சி. குழாயை ஆளுக்கு ஒரு சாண் அறுத்து, வாய் சமமாக இருக்கிறதா என்று தரையில் நிறுத்திப் பார்த்து, வீட்டுக்குக் கொடுத்தனுப்பியாயிற்று.