300 மீட்டருக்கு அப்பால்: ஸ்வால்பார்ட் நாட்குறிப்பு

2025 ஜூலை 22, லாங்யர்பியென்

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம், வட அட்சம் 78 டிகிரி. ஏப்ரலில் எழுந்த சூரியன் ஆகஸ்ட் கடைசியில்தான் இங்கே மறையும். கப்பல் ஏறியதும் முதல் வேலை, காலணியையும் துணிகளையும் துப்புரவு செய்வது. என் காலணி மடிப்பில் ஒரு புல் விதை ஒட்டியிருந்தது. வழிகாட்டி அதை இடுக்கியால் எடுத்துத் தனியே போட்டார். அயல் விதை ஒன்றுகூடக் கரையேறிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. எனக்கு அது பிடித்திருந்தது.

ஜூலை 23, பூலெபின்டன்

மணல் திட்டில் வால்ரஸ்கள், நீண்ட தந்தமுள்ள பெரிய கடல் விலங்குகள், ஒன்றின்மேல் ஒன்று தலை சாய்த்து உறங்குகின்றன. மாட்டுத் தொழுவமும் மீன் சந்தையும் சேர்ந்த வாடை. தந்தத்துக்கும் கொழுப்புக்குமாக 300 ஆண்டுகளுக்கு மேல் கொன்று குவித்தார்கள். 1952இல் பாதுகாப்பு வந்தபோது மிஞ்சியவை சொற்பம்.

ஜூலை 25, ஹின்லோப்பன் நீரிணை

ஆல்கெஃப்யெல்லெட் பாறைச் சுவர். கருங்கல் தூண்களின் விளிம்புகளில் ஏறக்குறைய 60,000 இணை கில்லமாட் பறவைகள். இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ரப்பர் படகை ஊர்ந்து போகும் வேகத்தில் செலுத்தினார்கள்.

குஞ்சுகள் குதிக்கும் பருவம் இது. பிறந்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கும், பறக்கத் தெரியாது. கீழே கடலிலிருந்து தந்தை கூப்பிட, மேலிருந்து அப்படியே பாய்கின்றன. நீரில் விழுவதற்குள் கவ்விப் போகக் கடற்காகங்கள் வட்டமிடுகின்றன. ஒரு குஞ்சு எங்கள் படகுக்கு அருகிலேயே பொத்தென்று விழுந்து, மூழ்கி, மேலே வந்து கீச்சிட்டது. சிறிது நேரத்தில் பெரிய பறவை ஒன்று நீந்தி வந்து அலகால் அதன் தலையைத் தொட்டது. இரண்டும் திறந்த கடலை நோக்கிப் போயின. இனிப் பல வாரங்கள் தந்தைதான் துணை. கண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

ஜூலை 26, பனிக்கட்டிகளின் நடுவே

காலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கி எழுப்பியது: துருவக் கரடி! மேல்தளத்துக்கு ஓடினேன். வெறும் கண்ணுக்கு வெண்ணெய் நிறத்தில் ஒரு புள்ளி. இந்த ஆண்டு ஜனவரி முதல் 300 மீட்டருக்குள் நெருங்கத் தடை. மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். படம் சரியாக விழவில்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சீல் மூச்சுவிட வரும் துளையருகே மணிக்கணக்கில் அசையாமல் காத்துக் கிடக்கும் விலங்கு அது. நாம் கலைத்துவிட்டால் அதன் ஒரு வேளை உணவு போயிற்று. அது நின்று வேட்டையாடும் கடற்பனி ஆண்டுகள் போகப்போகச் சுருங்கிவருகிறது; நாங்கள் வந்த கப்பலும் எண்ணெய் எரித்துத்தான் வந்தது.

தொலைநோக்கியில் பார்த்தேன். மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது, எங்கள் பக்கம் நாலடி வைத்தது. கப்பல் உடனே பின்வாங்கியது. கரடி நின்றது, படுத்தது, முன்னங்கால் மேல் முகவாயை வைத்துக்கொண்டது.