ஓர் ஐப்பசி மழை பார்க்கும்வரை எதையும் மூடிவிடாதீர்கள்

மதுரைப் பக்கம் பால் காய்ச்சிக் குடிபோவது தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில்தான் அதிகம். தையில் குடிவந்த வீடு தன் முதல் அடைமழையைப் பார்க்க ஐப்பசி வரவேண்டும். அதற்குள் ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அடுப்படியில் மாடுலர் கிச்சன், படுக்கையறையில் சுவரோடு சேர்த்து அடித்த வார்ட்ரோப் எல்லாம் முடிந்துவிடுகின்றன. பிறகு மழையில் கூரை கசிந்தால் அது ஜிப்சம் பலகைக்கு மேலேயே நடக்கிறது. கறை கீழே தெரிவதற்குள் பலகை ஊறிப்போய், சீலிங் விளக்கின் ஒயரிலும் ஈரம் இறங்கியிருக்கும். வார்ட்ரோப் முதுகில் ஓதம் (சுவர் ஈரம்) ஏறினாலும் கரையான் ஏறினாலும் அப்படித்தான். துணியை எடுக்கும்போதுதான் தெரியவரும்.

முதல் வீடு வாங்கியவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இது. ஒரு ஐப்பசி கார்த்திகை மழையும் ஒரு பங்குனி சித்திரை வெயிலும் கடக்கும்வரை சுவரும் கூரையும் வெறுமனே கண்ணில் படட்டும். முதல் வருடச் செலவு மொட்டைமாடி, குழாய், தொட்டி, மின்சாரம் இவற்றுக்குப் போகட்டும். அழகு வேலை காத்திருக்கும்.

குடிவந்த வாரமே ஒரு வேலை. வீட்டில் எத்தனை கேட் வால்வு இருக்கிறதோ அத்தனையையும் ஒவ்வொன்றாக மூடி, எந்தக் குழாய் நிற்கிறது என்று பார்த்து, அதிலேயே ஒரு பிளாஸ்டிக் அட்டையில் எழுதிக் கட்டுங்கள். டிபி பெட்டியில் (வீட்டு மின்சாரம் பிரியும் பெட்டி) உள்ள எம்சிபிகளுக்கும் (ஒவ்வொரு லைனையும் துண்டிக்கும் சுவிட்சுகள்) இதையே செய்யுங்கள். கட்டிக்கொடுத்தவரிடம் சுவருக்குள் போகும் பைப், ஒயர் வழிகளின் படத்தைக் கேளுங்கள். பூச்சுக்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. பின்னால் ஒரு ஆணி அடிக்கவும் அது வேண்டும்.

இனி மொட்டைமாடி. நம் ஊர்ப் பக்கம் கான்கிரீட் தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நல்ல முறை, வெயிலையும் தாங்கும். ஆனால் ஓட்டு இடுக்கில் விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி அந்த ஜல்லிப் படுகையில் பரவிவிடும். அங்கிருந்து தளத்தில் எங்கே பலவீனமோ அங்கே கீழே வரும். அதனால் அறைக்குள் கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை தேடுவது வீண். பல அடி தள்ளி, பெரும்பாலும் மேட்டுப் பக்கமாக, தண்ணீர் புகுந்திருக்கும்.

மழைக்கு முன், புரட்டாசியிலேயே, தண்ணீர் கட்டிப் பாருங்கள். மழைநீர்க் குழாய் வாய்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றிய துணியால் அடைத்து, மேடான மூலையில் ஓர் அங்குலம் நிற்கும்வரை நிரப்பி, 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். 1000 சதுர அடி மாடிக்கு ஓர் அங்குலம் என்றாலே சுமார் 2,400 லிட்டர். வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) இருப்பதால் தாழ்ந்த பக்கம் அதைவிடக் கூடப் பிடிக்கும். அவ்வளவு தண்ணீர் இல்லையென்றால் சிமெண்ட் கலவையில் சின்ன வரப்பு கட்டிப் பகுதி பகுதியாகச் சோதிக்கலாம். கீழே கூரையில் ஈரம் தெரிந்தால் அதன் ஓரத்தைப் பென்சிலால் வட்டமிட்டு நேரத்தை எழுதுங்கள். எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பது, புகும் இடம் பக்கத்திலா தூரத்திலா என்று சொல்லிவிடும்.

பெரும்பாலும் கோளாறு இருப்பது சில இடங்களில்தான். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் கலவையை முக்கோணமாக ஏற்றிப் பூசாமல் விட்டிருப்பார்கள். மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றிப் பூச்சு விலகியிருக்கும். இன்னொன்றைக் குடிவந்தவர்களே உண்டாக்குகிறார்கள்: சோலார் ஹீட்டருக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் தளத்தில் ஓட்டை போட்டு போல்ட் அடிப்பது. இவற்றைத் தளத்தில் பொருத்தவே கூடாது. சிறிய கான்கிரீட் கட்டைகளை வார்த்து அவற்றின் மேல் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஓட்டு இடுக்கைச் சரிசெய்யும்போது மேலே பூசிவிட்டுப் போகும் கொத்தனாரை விடாதீர்கள். பழைய கலவையைச் சுரண்டி எடுத்து, தூசியைத் துடைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு நைசான மணல் சேர்த்து, வாட்டர்ப்ரூஃப் திரவம் கலந்து உள்ளே அழுத்தி நிரப்பவேண்டும். பெரும்பாலான திரவங்களுக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 200 மில்லி கணக்கு. டப்பாவில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஒரு வாரம் நனைக்கவேண்டும். வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்டை இதற்குப் பிறகு, தளம் நன்றாகக் காய்ந்த பங்குனியில் இரண்டு கோட் அடித்தால் இரவில் அறையின் புழுக்கம் குறைவது தெரியும். ஒழுக்குக்கு மருந்தாக அதை அடிப்பது மட்டும் பயன் தராது. ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட் கொப்பளித்து உரிந்துவிடும்.

மாடியில் விழுவதைக் கீழே சேர்ப்பதும் முக்கியம். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். பல புதுவீடுகளில் குழாய் இறங்கியிருக்கும், ஆனால் அடியில் குழி இருக்காது, அல்லது கட்டட இடிபாட்டால் நிரம்பியிருக்கும். மூடியைத் திறந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே வாங்காவிட்டால் மேல் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவித் திரும்பப் போடவேண்டும். 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1000 சதுர அடி மாடியில் ஏறக்குறைய 4,600 லிட்டர் விழுகிறது. அது போர்வெல் பக்கம் இறங்கினால் கோடையில் உங்களுக்கே உதவும்.

மதுரையில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். மாநகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணீர், போரில் வரும் உப்புத் தண்ணீர். இரண்டையும் ஒரே சம்ப்பில் (தரைத் தொட்டியில்) கலக்கிற வீடுகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆற்றிலிருந்து வரும் மென்மையான தண்ணீரைக் கெடுத்துவிட்டு, பிறகு அதைத் திருத்த ஆர்ஓ வாங்குகிறார்கள். அடுப்படியின் ஒரு குழாய்க்காவது நல்ல தண்ணீரைத் தனி லைனில் கொண்டுவாருங்கள். ஆர்ஓ வாங்குமுன் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டி இரண்டையும் சோதியுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை, கடினத்தன்மை 200வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் முறையே 2000, 600வரை பொறுத்துக்கொள்ளலாம். 500க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்ஓ தேவையில்லை. கிருமிக்கு வடிகட்டியும் காய்ச்சிக் குடிப்பதும் போதும்.

உப்புத் தண்ணீரின் சேதம் முதலில் குழாய் வாய்களில் தெரியும். தண்ணீர் மெலிந்தால் மோட்டாரைச் சந்தேகிக்குமுன் குழாய் நுனியில் உள்ள வலையையும் ஷவர் முகத்தையும் திருகிக் கழற்றிப் பாருங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்தால் வெள்ளைப் படிவு கரைந்துவிடும். பாத்ரூம் டைல்ஸ் கறைக்கும் இதுவே போதும். கடையில் விற்கும் ஆசிட் கறையோடு டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் தின்றுவிடும். பிறகு அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் வந்து நிற்கும். பாத்ரூம் ஓதத்தில் எத்தனையோ ஆசிட் ஊற்றிக் கழுவியதில் தொடங்கியவை. ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது. நச்சு வாயு கிளம்பும்; மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

கீசரை 55 அல்லது 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மேலே போகப்போக உப்பு வேகமாகப் படியும். படிந்தால் உள்ளே சூடேற்றும் கம்பிச்சுருள் சூட்டை வெளியே விடமுடியாமல் எரிந்துபோகும். உள்ளே மக்னீசியம் கம்பி ஒன்று இருக்கிறது. தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரைவதே அதன் வேலை. போர் தண்ணீர் வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

மேல்தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். சகதியை வெளியேற்றி, பிரஷால் தேய்த்து, நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் ப்ளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்துத் தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றி, இரவு முழுக்க விட்டு மறுநாள் முழுவதையும் வெளியேற்றுங்கள். அந்த நேரத்தில் யாரும் குழாயைத் திறக்காதபடி ஒவ்வொரு குழாயிலும் துணி கட்டுங்கள். பாக்கெட் பிரித்து நாளான பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும், புதுப் பாக்கெட்டே வாங்குங்கள்.

விரிசலைக் கண்டதும் பயப்படவும் வேண்டாம், உடனே பூசவும் வேண்டாம். பூச்சு காயும்போது விடும் தலைமுடி அளவு விரிசல்கள் எல்லாப் புதுவீட்டிலும் வரும். தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேராக ஒரு விரிசல் போனால், அங்கே பூசுமுன் கோழிவலை அடிக்கவில்லை என்று அர்த்தம், ஆபத்தில்லை. கவனிக்கவேண்டியது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, சுவரின் இரண்டு பக்கமும் தெரிகிற விரிசல். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் கெட்டியாக ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் அஸ்திவாரம் இன்னும் அசைகிறது. இன்ஜினியரைக் கூப்பிடும் நேரம் அது.

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் இது அதிகம். கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, வீட்டை ஓரங்களில் தூக்கி இறக்கும். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிவாட்டம் வைத்துக் கான்கிரீட் போட்டால் சுவரடி மண்ணின் ஈரம் அவ்வளவாக மாறாது. சுவரை ஒட்டித் தோட்டம் போட்டு நாள்தோறும் தண்ணீர் பாய்ச்சுவது அங்கே கூடவே கூடாது. அசையாத விரிசலை மட்டும் வருடம் முடிந்தபின் வி வடிவில் 10 மில்லிமீட்டர் செதுக்கி, கிராக் ஃபில்லர் நிரப்பி, ஃபைபர் வலை ஒட்டிப் பெயிண்ட் அடிக்கலாம்.

சுவரடியில் உப்புப் பூத்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய் இன்னும் அகலமாக வெளியே வரும். காய்ந்த பிரஷால் தட்டி எடுத்து, சுவர் முழுக்கக் காயும்வரை பட்டி வைக்காமல் விடவேண்டும். கட்டும்போது உப்புத் தண்ணீரில் க்யூரிங் செய்த (சிமெண்ட் வேலையை நனைத்த) வீட்டில் இது ஒரு கோடையோடு அடங்கிவிடும். அடங்காவிட்டால் பக்கத்தில் ஏதோ குழாய் கசிகிறது.

கதவு ஐப்பசியில் இறுகினால் ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்காதீர்கள். மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது, தையில் தானே இளகும். மழையில் இழைத்த கதவில் சித்திரையில் விரல் நுழையும். நிலைக்கால் ஓரமாக மண்கோடு ஏறினால் அது கரையான். கூட்டிப் பெருக்கிவிட்டால் போகாது. சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் ஓரடிக்கு ஒன்றாக ஓட்டை போட்டு மருந்து இறக்கும் ஆட்களைக் கொண்டு செய்யவேண்டும்.

மின்சாரத்தில் இரண்டே காரியம். டிபியில் உள்ள 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் துண்டாகாவிட்டால் அன்றே மாற்றுங்கள், அது ஷாக்கிலிருந்து காப்பாற்றும் கருவி. எர்த் குழி கோடையில் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது, எனவே மாசியிலிருந்து ஆடிவரை வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மின் இணைப்பு கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்பாகவே இருந்தால் வீட்டு இணைப்பாக மாற்றிப் பெயரையும் மாற்றுங்கள். அதுவரை கட்டணமும் அதிகம், வீடுகளுக்கான இலவச யூனிட்டும் இல்லை. சொத்துவரிப் பெயர் மாற்றமும் பட்டாவும் அதே மாதத்தில் முடியட்டும். உட்பிரிவு செய்யவேண்டிய மனை என்றால் பத்திரம் பதிந்ததும் பட்டா தானாக மாறிவிடாது, சர்வேயர் வந்து அளக்கவேண்டும்.

பாதாளச் சாக்கடை இல்லாத புறநகரில் செப்டிக் டேங்க் கவனிப்பு வேண்டும். நான்கைந்து பேர் உள்ள வீட்டில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, அடிச்சகதி மூன்றில் ஒரு பங்கு ஆழத்தை எட்டுமுன் லாரி வைத்து உறிஞ்சி எடுக்கவேண்டும். கழிவறையில் தினமும் ஆசிட் ஊற்றினால் உள்ளே கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்து, டேங்க் சீக்கிரம் நிரம்பும். எந்தக் காரணத்துக்கும் ஒரு மனிதரை உள்ளே இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியம், அந்த வாயு நிமிடங்களில் கொன்றுவிடும். மேல்மூடியின்மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிட்டிருந்தால் இப்போதே பிரித்து, கைப்பிடியுள்ள மூடியாக மாற்றுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து அது எத்தனை அடி என்பதை அளந்து, டிபி பெட்டிக் கதவின் உட்புறம் எழுதி வையுங்கள்.