பாரிமுனையில் ஒரு தட்டு அத்தோ

சென்னையில் குறைந்த செலவில் புதுமையான சுவையைத் தேடுவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் உள்ள அத்தோ கடைகளைத்தான். 1962-இல் நடந்த ராணுவப் புரட்சிக்குப் பின் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த இந்த உணவில், ஆரஞ்சு நிற நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வெங்காயம், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுவெனப் பொரித்த தட்டை), புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வரும் வாழைத்தண்டு சூப்புக்குப் பல கடைகளில் தனிக் கட்டணம் இல்லை என்பதால், பெரிய உணவகங்களின் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ விளம்பரங்களைவிட இதையே உண்மையான சலுகையாகக் கருதுகிறேன். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் புளிக்கரைசலும் அடைத்துத் தரும் முட்டை மசாலாவை மட்டும் முழுதாக வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பாதியாகக் கடித்தால் சட்டைக்கு நான் பொறுப்பல்ல.