காத்தாடி முதுகு காட்டும் பக்கம்

உடுமலையில் இருந்து கொச்சிக்கு சைக்கிளில் போவது என்று சித்திரையிலேயே முடிவு செய்துவிட்டோம். இது மார்கழி. இன்னும் கிளம்பவில்லை. வீட்டில் சோம்பல் என்கிறார்கள். காற்று திரும்பட்டும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான்.

எனக்குக் காற்றாலை பராமரிப்பு வேலை. பூளவாடி, குடிமங்கலம் பக்கம் 16 வருஷமாக ஏறி இறங்குகிறேன். எங்கள் ஊரில் காற்றாலை என்று யாரும் சொல்வதில்லை, காத்தாடிதான். வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று பிடித்தால் புரட்டாசி வரை எங்களுக்கு சீசன். அந்த மாதங்களில் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. கிரீஸ் அடிப்பது, ஆயில் மாற்றுவது, போல்ட் முறுக்குவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். நாலு நாள் லீவு கேட்டால் கிடைப்பதும் அப்போதுதான்.

கூட வருவது என் வீட்டுக்காரியின் தம்பி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர், 29 வயது. அவன் போட்ட முதல் பிளான் இது: கோவை போய், வாளையார் வழியாக பைபாஸ் பிடித்து, ஒன்றரை நாளில் கொச்சி. அடுத்த நாளே அதே வழியில் திரும்பி வீடு. அதுவும் ஆடிப்பெருக்கு லீவில்!

"மாமா, கோயமுத்தூர்ல இருந்து பாலக்காடு பூராவும் எறக்கம்ங்க. மிதிக்கவே வேண்டாம்."

உயரத்தை வைத்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி. கோவை கடல் மட்டத்தில் இருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாலக்காடு 100 மீட்டருக்கும் கீழே. ஆனால் ஆடி மாதம் அந்த இறக்கத்தில் மிதிக்காமல் விட்டால் சைக்கிள் நின்றுவிடும். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், நீயும் நானும் எம்மாத்திரம் மாப்ளெ என்றேன். அவன் நம்பவில்லை.

காத்தாடியில் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கிற சக்தி எட்டு மடங்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சைக்கிள்காரனுக்கு இந்தக் கணக்கு எமன். நாம் 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறோம், 15 கிலோமீட்டர் வேகக் காற்று முதுகில் அடிக்கிறது என்றால் முகத்தில் படுவது 5 தான். அதே காற்று எதிரே வந்தால் 35. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும், அதாவது 49 மடங்கு. டயர் உராய்வு, மேடு பள்ளம் எல்லாம் தனி. என் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், பொள்ளாச்சியில் இருந்து பாலக்காட்டுப் பக்கம் மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் போனவர். "காத்து மொகத்துல அடிச்சா மாடு தலையக் குனிஞ்சிரும், அப்பறம் அடிச்சாலும் நடக்காது" என்பார். அவருக்கு வர்க்கமும் தெரியாது, கனமும் தெரியாது.

போன மாதம் ஒரு மெஷினில் யா மோட்டார் பார்க்க ஏறினேன். நாசெல்லை, அதாவது கோபுர உச்சியில் இறக்கைகளைத் தாங்குகிற பெட்டியை, காற்று வரும் பக்கம் திருப்புகிற மோட்டார் அது. ரோட்டரை லாக் பண்ணி, கொக்கியை மாட்டிக்கொண்டு, மேல் மூடியைத் திறந்து தலையை நீட்டினால் 80 மீட்டர் உயரம். காலை எட்டு மணி இருக்கும், பனி விலகியிருந்தது. தெற்கே ஆனைமலை நீலமாக வரிசை பிடித்து மேற்கே போகிறது. வடமேற்கே வெள்ளியங்கிரி, அதற்கும் வடக்கே நீலகிரி ஒரு புகை மாதிரி. இரண்டுக்கும் நடுவில் மட்டும் மலை இல்லை. வானம் நேராகத் தரைக்கு இறங்கி நிற்கிறது. 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல். ஆடியில் அந்த வாசலை முறைத்துக்கொண்டு நிற்கிற காத்தாடிகள் அத்தனையும் அன்றைக்கு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. எனக்குப் பின்னால் கழுத்தில் சில்லென்று கிழக்குக் காற்று. இறங்கி வந்ததும் மாப்பிள்ளைக்கு ஒரு வரி அனுப்பினேன்: "காத்தாடி முதுகு காட்டுற பக்கம் போறோம். தையில."

இந்தக் கிழக்குக் காற்றுக்குக் கேரளத்தில் பெயரே உண்டு, விருச்சிகக் காற்று. அவர்களுடைய விருச்சிகம் நம் கார்த்திகை. கணவாயில் நெருக்கிக்கொண்டு நுழைந்து பாலக்காடு, திருச்சூர் பக்கமெல்லாம் தூசி கிளப்பும். நமக்கு அது இலவச மோட்டார்.

வழியும் மாறிவிட்டது. வாளையார் பைபாஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடுமலை, பொள்ளாச்சி, அம்பராம்பாளையம், கோவிந்தாபுரம். அங்கே எல்லை தாண்டினால் முதலமடை மாந்தோப்புகள், கொல்லங்கோடு, நெம்மாறை. முதல் நாள் அங்கேயே தங்கல், ஏறக்குறைய 75 கிலோமீட்டர். இடது பக்கம் பூராவும் நெல்லியாம்பதி மலை கூடவே வரும். அந்தச் சமயம் இரண்டாம் போக நெல் வயலில் பச்சையாக நிற்கும். அம்பராம்பாளையத்தில் நாம் தாண்டுகிற ஆழியாறும் மேற்கேதான் போகிறது. சித்தூர்ப் புழையாகி, பாரதப்புழையில் சேர்ந்து, பொன்னானியில் கடல். நம் பக்கத்து ஆறுகளில் மேற்கே போகிற கொழுப்பு அதற்குத்தான்.

செவ்வாயும் வியாழனும் மட்டும் இந்த வழியில் போகக் கூடாது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தை நாள். சந்தை முடிந்த லாரிகள் கேரளத்துக்கு இந்த ரோட்டில்தான் விரட்டிக்கொண்டு போகும். கைப்பிடியை உரசிக்கொண்டு ஒரு லாரி, அதன் மேலே இருந்து ஒரு எருமை நம்மைப் பார்க்கும். ஒரு தடவை அனுபவித்தாயிற்று, போதும். அதனால் புதன்கிழமை கிளம்புகிறோம். மகரஜோதி முடிந்த பிறகு என்பதால் ஐயப்ப சாமிகளின் வேன்களும் இருக்காது. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் எதிரே வருவார்கள். அது நல்லதுதான், விடியற்காலையில் வழியெல்லாம் பந்தலில் சுக்குக் காபி கிடைக்கும்.

இரண்டாம் நாள் திருச்சூர். இதில்தான் சண்டை. நேர் வழி வடக்கஞ்சேரி போய், நாலு வழிச் சாலையில் குதிரான் சுரங்கம் தாண்டுவது. 50 கிலோமீட்டர்தான். ஆனால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளக் குகைக்குள் கன்டெய்னர் லாரிகளோடு மிதிக்க எனக்கு மனசில்லை. நாசெல்லுக்குள்ளேயே போதுமான இரைச்சல் கேட்டாயிற்று. ஆலத்தூர், பழையன்னூர், சேலக்கரை என்று சுற்றினால் 75 ஆகும், ஆனால் ஊர் வழி.

மாப்பிள்ளை அதற்குள் அவசரப்பட்டு வடக்கஞ்சேரியில் மதியம் ஓய்வெடுக்க ஒரு ரூம் போட்டுவிட்டான். நல்ல வேளை, ரசீதை வாங்கிப் பார்த்தேன். அவன் ரூம் போட்டது வடக்காஞ்சேரியில். ஒரே ஒரு கால்தான் வித்தியாசம். முதல் ஊர் பாலக்காட்டு மாவட்டம், இரண்டாவது திருச்சூர் மாவட்டம், நடுவில் பீச்சி, வாழானி காடு. பணத்தைத் திருப்பித் தரமாட்டார்களாம். சேலக்கரை வழி போனால் அந்த வடக்காஞ்சேரிதான் வரும். ஆக அவன் தப்பே என் வழியை உறுதி செய்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் கொடுங்கல்லூர், வடக்கன் பரவூர், வைப்பின், அங்கிருந்து வண்டிகளை ஏற்றிப் போகிற படகில் சைக்கிளோடு ஏறி ஃபோர்ட் கொச்சி. பரவூர் பக்கத்தில் பட்டணம் என்ற கிராமத்தில்தான் 2007-இல் இருந்து தோண்டிப் பார்த்தார்கள். சங்க காலத்துத் துறைமுகமான முசிறி இங்கேதான் என்கிறார்கள். காங்கேயம் பக்கம் படியூரில் எடுத்த பச்சைக்கல்லும் கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகளும் இந்தக் கணவாய் வழியாகத்தான் மேற்குக் கடலுக்குப் போயிருக்க வேண்டும். அந்தக் காலத்து வண்டிக்காரர்களும் காற்றைப் பார்த்துத்தான் மாட்டைப் பூட்டியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

பையில் இரண்டு ட்யூப், பஞ்சர் கிட், கைப் பம்பு, நாலு ஸ்போக், செயின் எண்ணெய். நம் பக்கம் கருவேல முள் தாண்டும் வரைதான் பஞ்சர் பயம். வீட்டுக்காரி கடலை உருண்டை 30 பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். "அரிசிம்பருப்பு சோறு கட்டித் தரட்டுங்களா" என்றாள். முதல் நாள் மதியத்துக்கு மட்டும் போதும் என்றேன். அதற்கு மேல் கெட்டுவிடும், அதற்கு மேல் கேரளத்து மட்டை அரிசிதான்.

திரும்புவது எப்படி என்பதுதான் கடைசி வரை இழுத்தது. அமிர்தா எக்ஸ்பிரஸ் திருச்சூர், பாலக்காடு, பொள்ளாச்சி வழியாக உடுமலைக்கே வருகிறது. ஆனால் கொஞ்ச நேரம் நிற்கிற ஸ்டேஷனில் பிரேக் வேன் என்கிற பார்சல் பெட்டியைத் திறந்து சைக்கிளை இறக்க யாரைக் கெஞ்சுவது? நாலு வருஷம் முன்னால் ஒரு ஊரில் பார்சலில் போட்ட என் சைக்கிள் இரண்டு நாள் கழித்து வந்தது, ஹேண்டில்பார் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு. கொச்சிக்கு இளநீர் லோடு போகிற டிரைவர் ஒருவரைத் தெரியும். "எறக்கிட்டுக் காலியாத்தானுங்க வருவேன், போட்டுட்டு வாங்க" என்றார். எனக்கு அது போதும். மாப்பிள்ளைக்குத்தான் சம்மதம் இல்லை. மிதித்தே திரும்பினால்தான் பயணமாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் இருந்து கோவிந்தாபுரம் வரை வெள்ளோட்டம் விட்டோம். போகும்போது 50 நிமிஷம். பாட்டுப் பாடிக்கொண்டே போனான். எல்லையில் யாரும் எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, ஆளுக்கொரு சாயா குடித்தோம். திரும்பும்போது 1 மணி 35 நிமிஷம். ஏற்றமும் கொஞ்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அம்பராம்பாளையம் பாலத்தில் இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தலையைக் குனிந்தபடியே நின்றான். அப்புச்சி ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவனிடம் இருந்து செய்தி: "மாமா, அந்த இளநீர் வண்டிக்காரர் நம்பர் அனுப்புங்க."