திட்டினால் நூறு வெள்ளி

மலேசியாவில், நம்ம சுங்கை சிப்புட்டில் காலையில் பசியாற உட்கார்ந்தால், ரொட்டி சானாய் மேசைக்கு வருவதற்குள் நாலு கெட்ட வார்த்தை காதில் விழும். செம்பனை லாரி ஓட்டும் அண்ணன்களுக்குக் கோபமெல்லாம் இல்லை, கூட்டாளியைக் கூப்பிடுவதே அப்படித்தான். இதற்கு அபராதம் உண்டு என்றால் சிரிக்கிறார்கள்.

உண்டு. 1955ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டம், 14ஆவது பிரிவு: 100 வெள்ளி (ரிங்கிட்) வரை. ஆனால் வெறும் கெட்ட வார்த்தை போதாது. அமைதியைக் கெடுக்கும் நோக்கம் இருக்க வேண்டும், அல்லது அதனால் அமைதி கெடும் நிலை வர வேண்டும்.

அமெரிக்காவில் மிடில்பரோ என்ற ஊரில் 2012இல் ஊர்க்கூட்டம் போட்டு, 183க்கு 50 என்று வாக்களித்து, பொது இடத்தில் கெட்ட வார்த்தை பேசினால் 20 டாலர் அபராதம் என்று கொண்டுவந்தார்கள். மிச்சிகனில் இன்னும் மோசம். படகிலிருந்து ஆற்றில் விழுந்து கெட்ட வார்த்தையில் கத்தியவர் மேல் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்கு! 2002இல் மேல்முறையீட்டில் அந்தச் சட்டமே செல்லாது என்றாகிவிட்டது. ஆற்றில் விழுந்தவன் தேவாரமா பாடுவான்?

சரி, நம்ம ஊரில் யாருக்காவது சம்மன் எழுதியே ஆக வேண்டும் என்றால், தோட்டத்தில் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், எல்லார் முன்னாலும் வேலையாளைத் தாயை இழுத்துத் திட்டுகிற மண்டோர்களிடம் (மேற்பார்வையாளர்களிடம்) முதலில் வசூல் பண்ணுங்கள். லாரி அண்ணன்கள் அப்புறம்.