வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த புடவைகள்

18 செப்டம்பர் 2024, புதன்

நேற்றோடு பிள்ளையார் கடலுக்குப் போய்விட்டார். விடியும்வரை மேளம் கேட்டதால் மும்பையின் மாதுங்காவே இன்று அசந்து கிடந்தது. பதினோரு மணிக்கு, தலையில் பாத்திரக் கூடையோடு போஹாரீண் வந்தார். பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் கொடுக்கும் பெண்களை இங்கே மராத்தியில் அப்படித்தான் அழைப்பார்கள். அம்மா ஏற்கெனவே நான்கு புடவைகளை எடுத்து வைத்திருந்தாள்.

இத்தனை ஆண்டுகளாக நான் பேரம் மட்டும்தான் பேசியிருக்கிறேன். அவருடைய கைகளை இன்றுதான் கவனித்தேன். ஒவ்வொரு புடவையையும் பால்கனிக் கதவருகே கொண்டுபோய், இரண்டு கைகளுக்கும் நடுவில் விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். முதலில் கீழ்க்கரை, அடுத்து கொசுவம் செருகும் இடம், கடைசியில்தான் முந்தானை. இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வைத்து மெல்ல வெளிப்பக்கம் இழுத்தார். இற்றுப்போன இடத்தில் 'சுர்' என்று இழை விட்டது. ஒரு புடவைக்கு அரை நிமிடம் கூட ஆகவில்லை.

நான்கில் அவருக்குப் பிடித்தது பாலியெஸ்டர் புடவை ஒன்றுதான். அதற்கும் இரண்டு கால்சட்டைகளுக்குமாக ஒரு வடிகட்டி கிடைத்தது. "மற்ற மூன்றுக்கும் சேர்த்து ஒரு தம்ளர்" என்றார். "ஒரு தம்ளருக்கா? உள்ளே வையடி" என்று அம்மா எழுந்து போய்விட்டாள்.

அவர் போன பிறகு அந்த மூன்றையும் நானும் அதே மாதிரி பிடித்துப் பார்த்தேன். அம்மா மதுரையிலிருந்து கொண்டுவந்த சுங்குடி: கீழே நான்கு விரற்கடை சல்லடையாகிவிட்டது, இடுப்பருகே இரண்டு ஓட்டைகள், ஆனால் முந்தானையும் மேல்பாதியும் கெட்டியாக இருக்கின்றன. செட்டிநாட்டுக் கட்டம் போட்ட கண்டாங்கி: சாயம் வெளிறியிருக்கிறது, நூலில் பலம் அப்படியே இருக்கிறது. அரக்குப் பட்டு: மடித்து வைத்த மடிப்பிலேயே நீளவாக்கில் விட்டுப்போயிருக்கிறது, கரையில் மட்டும் ஒரு குறையும் இல்லை. பட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி வைக்க வேண்டும் என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பாள்!

இன்று மகாளய பட்சம் தொடங்குகிறது. அமாவாசைவரை புதுத்துணி வாங்குவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இந்த ஆண்டுக் கொலுவுக்கு வேண்டியதை வீட்டில் இருப்பதைக் கொண்டே செய்துவிடலாம் என்று தீர்மானித்திருக்கிறேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

என் கணவருடைய நீலக் கோடு போட்ட சட்டை. உடம்புப் பகுதி புதிது போல இருக்கிறது. காலர் மடங்கும் விளிம்பு மட்டும் தாடி உரசி உரசி நார்நாராகிவிட்டது. காலரைத் திருப்பித் தைத்தேன்.

இந்த வேலையில் பொறுமை தேவைப்படுவது பிரிக்கும்போதுதான். காலர் இதழ், கழுத்துப் பட்டியின் இரண்டு துணிகளுக்கு நடுவே சொருகித் தைக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு தையலை மட்டும் பிரித்தால் போதும், பட்டி சட்டையோடு சேரும் தையலைத் தொடக் கூடாது. பிரிப்பதற்கு முன்பே இதழின் நடுவிலும் பட்டியின் நடுவிலும் ஒவ்வொரு குண்டூசி குத்திவிட வேண்டும். இல்லையென்றால் திரும்பப் பொருத்தும்போது ஒரு காலர் முனை நீண்டு நிற்கும். இதழைப் புரட்டி, ஊசிக்கு நேர் ஊசி வைத்து, பழைய ஊசித் துளைகளின் மேலேயே தைத்து வந்தேன். நைந்த பக்கம் அடியில் போய்விட்டது. அதையும் அப்படியே விடாமல் நெருக்கமாக இழையோட்டினேன். காலர் முனையில் பொத்தான் துளை உள்ள சட்டைகளுக்கு இது ஒத்துவராது.

நாளை அதைத்தான் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போவதாகச் சொல்கிறார்.

26 செப்டம்பர், வியாழன்

நேற்று மாலை கொட்டித் தீர்த்த மழையில் ரயில்கள் நின்று, அவர் வீடு வந்து சேர இரவு பதினொன்றரை. இன்று பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதால் மகளைத் தரையில் உட்கார வைத்து அளவு எடுக்கச் சொன்னேன்.

ரவிக்கைத் துணி மூட்டையைப் பிரித்தோம். மொத்தம் முப்பத்தொன்று. வெற்றிலை பாக்கோடு வந்தவை, யார் அளவுக்கும் எந்தப் புடவைக்கும் பொருந்தாதவை. சென்ற கொலுவில் நான் கொடுத்த மயில்கழுத்து நிறத் துணி, தை வெள்ளியில் வேறொரு வீட்டுத் தாம்பூலத்தோடு என்னிடமே திரும்பி வந்தது. மடிப்புக் கூடக் கலையவில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் தைத்துக்கொள்ளாத துணி எதற்காக இப்படி வீடு வீடாகச் சுற்ற வேண்டும்? இந்த ஆண்டு தாம்பூலத்துக்குப் பை தைத்துக் கொடுக்கப் போகிறேன்.

மகாராஷ்டிரத்தில் 2018இல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது தைக்கத் தொடங்கிய அளவு இது. அகலம் 90 சென்டிமீட்டர், நீளம் 80 சென்டிமீட்டர் உள்ள துணியில் இரண்டு பை வரும், துண்டு மிஞ்சாது. அகலத்தில் 37, 37, 8, 8 என்று கோடு போட்டுக்கொள்ள வேண்டும். 37 அகலத் துண்டை நீளத்தில் இரண்டாக மடித்தால் 40 ஆழத்துக்குப் பை. அடியில் தையல் வராது, மடிப்புதான் வரும். கனம் முழுவதும் அடியில் இறங்குவதால் இதுதான் பலம். 8 அகலப் பட்டை ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினால் நான்கு கைப்பிடிகள். பட்டையை நாலாக மடித்துத் தைத்தால் இரண்டு சென்டிமீட்டர் அகலமான பிடி கிடைக்கும்.

பக்கத் தையலை இரண்டு முறை போடுகிறேன். நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து விளிம்போடு ஒரு தையல், பிறகு பையைப் புரட்டி அந்தப் பிசிறை உள்ளே அடைத்து இன்னொரு தையல். உள்ளே ஒரு நூல் கூட நீட்டிக்கொண்டிருக்காது. கைப்பிடியின் அடியில் சின்னச் சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போல இரண்டு கோடு. ஐந்து கிலோ அரிசி தாங்கும்.

எல்லாத் துணியும் 90 அகலம் இல்லை. குறுகியவற்றுக்குக் கைப்பிடியை வேறு துணியில் போட்டோம். எந்த நிறத்துக்கு எந்த நிறம் என்று மகளே ஜோடி சேர்த்தாள். கிளிப்பச்சைக்கு அரளிச் சிவப்பு. எனக்குத் தோன்றியே இருக்காது.

29 செப்டம்பர், ஞாயிறு

அப்பாவின் எட்டு முழ வேட்டிகள் இரண்டு, மஞ்சள் பூத்துக் கிடந்தவை. சாயம் போட்டுக் கொலுப்படிக்கு விரிக்கலாம் என்று வெங்காயத் தோலைச் சேர்க்க ஆரம்பித்தேன். சந்தையில் வெங்காயக் குவியலின் அடியில் கிடக்கும் தோலை, "எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சாக்கோடு கொடுத்தார்கள்.

பருத்தி சாயத்தைச் சட்டென்று வாங்காது. துவர்ப்பு ஏற்ற வேண்டும். கலம்காரித் துணிக்குக் கடுக்காய் ஏற்றுவதும் அதற்காகத்தான். முந்தின இரவே கடுக்காய்த் தூள் கரைத்த வெந்நீரில் வேட்டிகளை ஊற வைத்திருந்தேன். காலையில் பிழிந்து, படிகாரத் தண்ணீரில் இரண்டு மணி நேரம். துணியின் எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு படிகாரம். பிறகு தோலை வேகவைத்து வடிகட்டிய சாற்றில் மிதமான தீயில் ஒரு மணி நேரம். பழைய பித்தளை நிறத்தில் எழுந்து வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அங்கேதான் தவறு செய்தேன். இரண்டாவது வேட்டிக்கு மரக்கரண்டி கைக்கு எட்டவில்லையென்று தோசைத் திருப்பியால் கிளறிவிட்டேன். இரும்பு. அது பட்ட இடமெல்லாம் கரும்சாம்பலாக மாறிவிட்டது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் கை போய்விட்டது. ஒரு முழ அகலத்துக்கு மேகம் போலப் படர்ந்திருக்கிறது. அப்பா கட்டிய வேட்டி என்பதால் மனசு ஆறவே இல்லை.

வெயில் இல்லை. காற்றில் ஈரம். மின்விசிறியின் கீழே கொடி கட்டி உலர்த்தியிருக்கிறேன். எப்படியும் வெங்காயத் தோல் சாயத்துக்கு நேர்வெயில் ஆகாது, நிறம் இறங்கிவிடும்.

2 அக்டோபர், புதன்

மகாளய அமாவாசை. தர்ப்பணம் முடிந்து, மாலை படி கட்டினோம். இரண்டு டிரங்குப் பெட்டிகள், ஒரு மேசை, மகளின் பழைய பாடப்புத்தகக் கட்டுகள் என ஐந்து படி. சாம்பல் படர்ந்த வேட்டியை மேல்படியில் மரப்பாச்சிகளுக்குப் பின்னால் சுவரில் தொங்கவிடச் சொன்னது அம்மாதான். மழைக்கால வானம் போல நிற்கிறது. அதற்கு முன்னால் வேறு எதையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அரக்குப் பட்டின் கரையைப் பிரித்தெடுத்து ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கைத்தையலால் பிடித்திருக்கிறேன். கொலு முடிந்ததும் இழுத்தால் வந்துவிடும்படி நீள நீளமான தையல். பட்டையும் சரிகையையும் வேட்டியோடு சேர்த்துத் துவைக்க முடியாதே.

7 அக்டோபர், திங்கள்

பத்தொன்பது பைகள் போய்விட்டன. செம்பூரிலிருந்து வந்த அத்தை உள்ளே திருப்பிப் பார்த்து, "பிசிறே இல்லையே!" என்றார். இரண்டு பேர் அளவை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

11 அக்டோபர், வெள்ளி

சரஸ்வதி பூஜை. தையல் மெஷினுக்கும் கத்தரிகளுக்கும் சந்தனம், குங்குமம். இன்று எதையும் தொடக் கூடாது. கை பரபரக்கிறது.

12 அக்டோபர், சனி

விஜயதசமி. புதிதாக ஒன்று கற்க நல்ல நாள் என்பதால் மாடி வீட்டு ஆஜியிடம் (மராத்தியில் பாட்டி) கோதடி தைக்கக் கற்றுத்தரும்படி கேட்டுக்கொண்டேன். மகாராஷ்டிரத்தின் சாதாரா பக்கத்தைச் சேர்ந்தவர், எழுபதைத் தாண்டியவர். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு போனேன். அவர் அதைக் காட்டிலும் சுங்குடியைப் பார்த்ததில்தான் மகிழ்ந்தார். புள்ளி ஒவ்வொன்றும் துணியை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்ததால் வருவது என்று சொன்னேன். ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

பழைய புடவைகளை அடுக்கி, ஒட்டுத்துணி வைத்து, முழுவதும் ஓட்டுத்தையலால் தைத்துச் சேர்க்கும் போர்வைதான் கோதடி. கண்டாங்கியை மூன்றாக வெட்டி அடுக்கினோம், மேலே சுங்குடி. சுங்குடியின் சல்லடைக் கரையை நான் வெட்டி எறியப் போனேன். ஆஜி தடுத்து, அதை நடு அடுக்குக்குள் வைத்தார். "உள்ளே இருப்பதற்குப் பலம் வேண்டாம், மெத்தென்று இருந்தால் போதும்." ஓட்டைகள் இரண்டின் மேலும் மிச்சமிருந்த ரவிக்கைத் துணிச் சதுரங்கள்.

தரையில் விரித்து நான்கு பேரும் நான்கு மூலையை இழுத்துப் பிடித்தோம். சுருக்கம் நீங்கியதும் கை அகல இடைவெளியில் தற்காலிகத் தையல்.

20 அக்டோபர், ஞாயிறு

எட்டு நாளில் பாதி கூட ஆகவில்லை. நூலை விரல்நுனியிலிருந்து முழங்கை வரைதான் எடுக்க வேண்டும் என்கிறார் ஆஜி. நீளமாக எடுத்தால் சிக்கும். ஊசியை நான்கு அடுக்கிலும் இறக்கி, ஐந்தாறு தையல் ஊசியிலேயே சேர்ந்த பிறகு ஒரே இழுப்பு. இழுத்ததும் துணியில் சின்னச் சின்ன அலைகள் எழுகின்றன. என் வரிசை கோணுகிறது. ஆஜி கண்ணாடி கூடப் போடாமல் தைக்கும் வரிசை கோடு கிழித்தது போல இருக்கிறது. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத அந்த இரண்டு கிழவிகளும் மதியம் முழுவதும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நூல் அளந்து கொடுத்தாள், ஆஜி கோத்தார்.

ஐந்து மணிக்குக் கீழே "பாண்டீ..." (பாத்திரம்) என்று போஹாரீணின் குரல் கேட்டது. கூப்பிட்டு மேலே வரச் சொன்னேன். கூடையை இறக்கியதும் கோதடியின் ஒரு மூலையைத் தூக்கினார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நான்கு அடுக்கில் வெளிச்சம் ஊடுருவவில்லை. கட்டைவிரல்களைச் சேர்த்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இதற்குப் பெரிய டப்பா தருகிறேன்" என்றார்.

அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லும் முன்பே அவளுடைய கை கோதடியின் மேல் இருந்தது.