திவால் மனு கொடுத்தும் காரை விடாமல் வைத்திருக்கிறோம்: நியூ ஜெர்சி அனுபவம்

நாங்கள் மஞ்சள் கடுதாசி கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து போன் செய்த சொந்தக்காரர்கள் எல்லாரும் மானத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், இங்கே எடிசனில் இருக்கிற நண்பர்கள் காரைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கும் காரைப் பற்றித்தான் பயம். டிபன் கடையை மூடின பிறகு எனக்குக் கிடைத்தது டர்ன்பைக் 8ஏ எக்ஸிட் பக்கம் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட், அந்த நேரத்துக்கு எங்கள் அபார்ட்மென்டிலிருந்து அங்கே போய்ச்சேர பஸ் எதுவும் இல்லை. கார் போனால் வேலை போகும், வேலை போனால் வாடகைக்கு வழியில்லை, அவ்வளவுதான் கணக்கு.

வண்டி டொயோட்டா சியன்னா, செகண்ட் ஹேண்டில் வீட்டு உபயோகத்துக்கு வாங்கியது. லோன் பாக்கி சுமார் 13,800 டாலர், விற்கப்போனால் 12,500 வந்தால் அதிகம். மாத டியூ 412. கடை லீசுக்கு நான் சொந்த ஜாமீன் கொடுத்திருந்தேன், போதாததற்கு கிரெடிட் கார்டுகள், சாமான் சப்ளை செய்தவர்களுக்கு நிற்கும் பாக்கி. எல்லாவற்றுக்கும் நடுவில் கார் டியூவை மட்டும் ஒரு மாதம்கூடத் தவறவிடவில்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

வக்கீல் அம்மா முதல் நாளே ஒன்றைத் தெளிவாக்கினார். காரை எடுக்கக்கூடியவர்கள் இரண்டு பேர், இருவருக்கும் காரணம் வேறு வேறு. ஒருவர் திவால் வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி. அவருக்கு வேண்டியது விற்றால் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஏதாவது மிஞ்சுமா என்பதுதான். எங்கள் வண்டியில் மதிப்பைவிடக் கடன் அதிகம், விற்றால் ஒரு சல்லிக்காசு மிஞ்சாது, அதனால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கடனைவிட மதிப்பு அதிகமான வண்டியாக இருந்தால்தான் விலக்கு, அதாவது டிரஸ்டி தொடமுடியாதபடி சட்டம் ஒதுக்கித் தரும் தொகை, கணக்குக்கு வரும்: நியூ ஜெர்சியில் மத்திய அரசின் விலக்குப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம், அதில் 2025 ஏப்ரலிலிருந்து காருக்கு ஒருவருக்கு 5,025 டாலர் வரை, அதற்கு மேல் போனால் எந்தச் சொத்துக்கும் போட்டுக்கொள்ளும்படி இன்னொரு விலக்கும் இருக்கிறது. மற்ற மாநிலங்களில் தொகை வேறு, சிலவற்றில் மாநிலத்தின் பட்டியலை மட்டும்தான் எடுக்க முடியும்.

இரண்டாவது ஆள் லோன் கொடுத்த கம்பெனி. சாப்டர் 7 (நாங்கள் போட்ட, கடனைத் தள்ளுபடி செய்யும் திவால் மனு) போட்டால் கடனைக் கட்டவேண்டிய நம் சொந்தப் பொறுப்பு போய்விடும், ஆனால் வண்டி மேல் அவர்களுக்கு இருக்கிற உரிமை போகாது. "கடன் தள்ளுபடி ஆச்சு, வண்டியும் என்னுடையது" என்று நினைத்துக்கொண்டு டியூவை நிறுத்தினால் ஒரு நாள் காலையில் பார்க்கிங் காலியாகத்தான் இருக்கும்.

இந்தக் கட்டத்தில் நண்பர்களிடமிருந்து யோசனைகள் மழையாகக் கொட்டின. வண்டியை மச்சான் பெயருக்கு மாற்றிவிடு என்றார் ஒருவர். மச்சானிடம் வாங்கிய கைமாற்றையாவது முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு மனுப் போடு என்றார் இன்னொருவர், அது எனக்கும் நியாயமாகப் பட்டது. வக்கீல் இரண்டையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டார். மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்தில் சும்மாவோ குறைந்த விலைக்கோ கைமாற்றிய சொத்தை டிரஸ்டி திரும்பப் பிடுங்கலாம். சொந்தக்காரர்களுக்குக் கடைசி ஒரு வருடத்தில் அடைத்த கடனையும் அவர்களிடமே போய்க் கேட்கலாம். மச்சான் வீட்டுக்கு டிரஸ்டியின் கடிதம் போவதற்குப் பதில் பணம் போகாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் மனைவியின் நகைகள், ஊரில் அப்பா வீட்டில் எனக்கிருக்கும் பங்கு, எல்லாவற்றையும் மனுவில் எழுதினோம். இந்தியாவில் இருப்பது இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், உலகத்தில் எங்கே இருந்தாலும் எழுதியே ஆகவேண்டும், மறைத்தால் தள்ளுபடியே கிடைக்காமல் போகும்.

மனுவுக்கு முன்னால் ஒரு கடன் ஆலோசனை வகுப்பு கட்டாயம், ஆன்லைனில் முடித்தேன், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோர்ட் ஃபீஸ் 338 டாலர், வக்கீல் ஃபீஸ் தனி. வருமான வரம்புத் தேர்வு ஒன்று உண்டு, எங்கள் கடனில் பாதிக்கு மேல் கடைக்காக வாங்கியது என்பதால் அதிலிருந்து தப்பித்தோம். மனு பதிவான நிமிடத்திலிருந்து வசூல் எல்லாம் நிற்கவேண்டும் என்பது சட்டம், போன் அழைப்புகளும் நிஜமாகவே நின்றன.

அப்புறம்தான் காருக்கான முக்கியமான காகிதம். லோனில் இருக்கிற சொத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்று மனுப் போட்ட 30 நாளுக்குள், டிரஸ்டி நடத்தும் கடன்காரர் கூட்டம் அதற்கு முன்னாலேயே வந்தால் அதற்குள், எழுதிக் கொடுக்கவேண்டும். இதைக் கொடுக்காமல் விட்டால் அந்த வண்டிக்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பு தானாகவே விலகிவிடும். ஒப்படைத்துவிடலாம், அல்லது வண்டியின் இன்றைய மதிப்பை ஒரே தவணையில் கட்டி மீட்கலாம், அல்லது பழைய கடனுக்குப் புதிதாகக் கையெழுத்துப் போட்டுத் தொடரலாம், கடைசியாகச் சொன்னதற்கு ரீஅஃபர்மேஷன் என்று பெயர். மீட்பது கேட்க நன்றாகத்தான் இருந்தது, 13,800 பாக்கிக்கு 12,500 கட்டினால் போதும். மொத்தமாக 12,500 கையில் இருந்தால் நான் ஏன் வக்கீல் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன்? இதற்கென்றே கடன் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்குச் சொன்ன வட்டியைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

ஆக ரீஅஃபர்மேஷன். கம்பெனியிலிருந்து ஒப்பந்தம் வந்தது, அதே பாக்கி, அதே வட்டி, ஒரு டாலர் குறைக்கவில்லை. போடலாம்தானே என்று வக்கீலிடம் கேட்டேன். நீங்கள் போடுங்கள், நான் போடமாட்டேன் என்றார்! அந்தப் படிவத்தில், இது கட்சிக்காரருக்குத் தாங்கமுடியாத சுமை இல்லை என்று வக்கீலும் உறுதி சொல்லவேண்டும். எங்கள் வரவு செலவுக் கணக்கிலோ மாதாமாதம் துண்டு விழுந்தது, அப்படி விழுந்தால் சுமை என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. என்னை நட்டாற்றில் விடுகிறாரே என்று கோபம் வந்தது. அவர் விளக்கினது இதுதான்: இந்த ஒப்பந்தம் நிறைவேறினால் இந்த ஒரு கடன் மட்டும் தள்ளுபடியிலிருந்து வெளியே வந்துவிடும். ஆறு மாதம் கழித்து கியர்பாக்ஸ் போய் டியூ கட்டமுடியாமல் நின்றால், வண்டியைத் தூக்கி ஏலத்தில் விற்றுவிட்டு மீதிக்கு உங்கள் சம்பளத்துக்கு வருவார்கள், மறுபடி சாப்டர் 7 போட்டுத் தள்ளுபடி வாங்க எட்டு வருடம் ஆகவேண்டும். கோர்ட்டில் பதிவான 60 நாளுக்குள், அல்லது டிஸ்சார்ஜ் (கோர்ட்டின் தள்ளுபடி உத்தரவு) வரும் வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை ரத்து செய்யலாம் என்பது ஒரு ஆறுதல், ஆனால் கியர்பாக்ஸ் அந்தத் தேதியைப் பார்த்தா போகும்?

சரி, நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன், ஒப்பந்தம் நீதிபதி முன் போனது. அதற்கு நடுவில் கடன்காரர் கூட்டம், 341 மீட்டிங் என்பார்கள், ஜூமில் நடந்தது. பெயருக்குத்தான் கடன்காரர் கூட்டம், ஒருவரும் வரவில்லை. லைசென்சையும் சோஷியல் செக்யூரிட்டி கார்டையும் காட்டச் சொன்னார்கள், டிரஸ்டி ஊர்ச் சொத்தைப் பற்றிக் கொஞ்சம் துருவினார், காரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று. முழு கவரேஜ் எடுத்து வைத்திருந்தேன். அதை மட்டும் செலவைக் குறைக்கிறேன் என்று கழற்றிவிடாதீர்கள், டியூ சரியாகக் கட்டினாலும் இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் அதுவே ஒப்பந்த மீறல்.

நீதிபதி முன்னால் விசாரணை சட்டென்று முடிந்தது. டியூ எவ்வளவு, வண்டி ஓடும் நிலையில் இருக்கிறதா, வேறு வண்டி உண்டா, மாதம் துண்டு விழுவதை எப்படிச் சமாளிப்பீர்கள். மனைவி டிபன் ஆர்டர் எடுக்க ஆரம்பித்திருக்கிறாள் என்றேன். கேட்டுக்கொண்டு, இந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. வக்கீல் முகத்திலோ சிரிப்பு.

அவர் எதிர்பார்த்ததே அதுதான். சட்டம் என்னிடம் கேட்டதை நான் செய்துவிட்டேன்: நேரத்துக்கு எழுதிக் கொடுத்தேன், ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டேன். நீதிபதி மறுத்தது என் தவறில்லை. அப்படி இருக்கும்போது, டியூவும் இன்ஷூரன்சும் ஒழுங்காக இருக்கும் வரை, திவாலானான் என்ற ஒரே காரணத்துக்காக வண்டியை எடுக்கக்கூடாது என்று டெலவேரில் 2008இல் ஒரு திவால் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, நியூ ஜெர்சியும் அதே மூன்றாவது சர்க்யூட்டுக்குள்தான், அதாவது அதே மேல்முறையீட்டு நீதிமன்ற வட்டாரத்துக்குள்தான் வருகிறது. ஆக, வண்டியும் இருக்கிறது, கடனுக்கான சொந்தப் பொறுப்பும் போய்விட்டது. நாளைக்கு வண்டி படுத்துவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்துவிடலாம், மீதிக்கு என்னிடம் வரமுடியாது. எல்லா மாநிலத்திலும் இப்படி நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் ஊர் வக்கீலிடம் இந்த ஒரு கேள்வியை அழுத்திக் கேளுங்கள்.

லோன் கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களுக்கான கூட்டுறவு வங்கி மாதிரி) இருந்தால் கதை வேறு. அவர்கள் விஷயத்தில் "துண்டு விழுந்தால் சுமை" என்கிற அந்த அனுமானமே கிடையாது. அங்கேயே கிரெடிட் கார்டும் வைத்திருந்தால், அந்தப் பாக்கிக்கும் காரே ஈடு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

டியூ ஏற்கெனவே நின்றுபோனவர்களுக்கு நான் போன வழி உதவாது. இசலினில் இருக்கும் நண்பர் மூன்று மாத பாக்கியோடு சாப்டர் 13 போட்டார், அதில் பாக்கியை மூன்றிலிருந்து ஐந்து வருடத் திட்டத்துக்குள் பரப்பிக் கட்டலாம். வண்டி வாங்கி 910 நாளுக்கு மேல் ஆகியிருந்ததால் கடனையே வண்டி மதிப்புக்குக் குறைத்துவிட்டார்கள், வட்டியும் இறங்கியது. ஒன்றே ஒன்று, வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் மனுப் போட்டார். தூக்கின பிறகு போட்டால் அவர்கள் வெறுமனே பிடித்து வைத்திருப்பது மட்டும் மனுவால் வரும் வசூல் தடையை மீறியதாகாது என்று சுப்ரீம் கோர்ட் 2021இல் சிகாகோ நகர வழக்கில் சொல்லிவிட்டது, வண்டியைத் திரும்ப வாங்கத் தனியாக அலையவேண்டும்.

இப்போது எங்கள் நிலைமை: டிஸ்சார்ஜ் வந்துவிட்டது. கம்பெனி ஆன்லைன் கணக்கை மூடிவிட்டது, ஆட்டோபே நின்றது, மாத ஸ்டேட்மென்ட்டும் வருவதில்லை. வங்கியிலிருந்து செக் அனுப்புகிறேன், ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வைக்கிறேன். இந்த டியூ எதுவும் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறாது, ஒழுங்காகக் கட்டி ஸ்கோரை ஏற்றலாம் என்று நினைத்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான், எனக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால் டிஸ்சார்ஜ் வந்ததுமே "உங்களுக்குக் கார் லோன் தயார்" என்று டீலர்களிடமிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. கடைசி டியூ கட்டினதும் வண்டி மேல் இனி உரிமை இல்லை என்று கம்பெனி கொடுக்கும் லீன் ரிலீஸ் கடிதத்தைக் கேட்டு வாங்கி, வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலைச் சுத்தம் செய்யவேண்டும், அதற்குத்தான் அந்த செக் நகல்கள்.